நிமிடத்துக்கு நான்கு லிட்டர்: ஊற்றுக் குறைந்த போருக்கு ஒரு தண்ணீர்த் திட்டம்

போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், தண்ணீர் போதவில்லை என்று ஒரு வீட்டார் சொன்னால், மோட்டாரைப் போட்ட சிறிது நேரத்தில் குழாயில் தண்ணீர் நின்று காற்று சீறுகிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். ஒரு நாள் முழுவதும் அந்தக் கிணறு எத்தனை லிட்டர் ஊறித் தருகிறது என்று அளந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்துக்குள் இருக்கும் என் அக்கா வீட்டுக்குத் தண்ணீர்த் திட்டம் ஒன்றை வகுக்க வேண்டி வந்தபோது, முதலில் அந்த அளவைத்தான் எடுத்தோம். அந்தக் கணக்குகளையும் அவற்றிலிருந்து எடுத்த முடிவுகளையும் இங்கே விரிவாக எழுதுகிறேன். இரண்டாவது போர் போடுவதற்காகக் கடன் வாங்கக் கிளம்பும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கின்றன; அவர்களில் சிலருக்காவது இது பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. தர்மபுரிப் பகுதியில் அடியில் இருப்பவை நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள். இவற்றில் மணற்பாங்கான நிலத்தைப் போல நீர் பரவலாகத் தங்குவதில்லை. மேலே சிதைந்து போன பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே ஆங்காங்கே ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. வெடிப்பு அகப்பட்டால் தண்ணீர், அகப்படாவிட்டால் வெறும் பாறைத் தூள் புகை என்பதைத் துளை போடும் ரிக் வண்டிக்கு அருகில் நின்று பார்த்த எல்லோரும் அறிவார்கள். அக்கா வீட்டுப் போர் 480 அடி ஆழம், ஆறரை இஞ்ச் அகலம். போட்ட அன்றே வண்டிக்காரர்கள் “அரை இஞ்ச் தண்ணிகூட இல்லைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமா அந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு, “மாப்பிள்ளை, இது சரிப்பட்டு வராது, மேற்கு மூலையில ஆயிரம் அடிக்கு இன்னொன்னு போட்டுறலாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆயிரம் அடி என்றால் செலவு லட்சங்களில் போகும். வெடிப்பு கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இன்னொரு காரணமும் இருந்தது. ஆழத்துப் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீரில் கரைந்த உப்புகளும், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளூரைடும் கூடுதலாக இருப்பதற்கான வாய்ப்பு அதிகம் என்பதால், கூடுதல் தண்ணீருக்காகத் தோண்டிக் கூடுதல் ஃப்ளூரைடை வாங்கிக்கொள்ளவும் நேரலாம்.

அளந்த முறை எளியது. மோட்டாரை ஓட்டி, முதல் காற்று வந்தவுடன் நிறுத்தினோம். ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் ஓட்டி, மீண்டும் காற்று வரும் வரை கிடைத்த நீரை 200 லிட்டர் டிரம்களில் பிடித்தோம். ஒரு டிரம் நிறைந்து, அடுத்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 80 லிட்டர் வந்தது. காத்திருந்த நேரமும் ஓடிய நேரமும் சேர்ந்து 70 நிமிடம். கிடைத்தது 280 லிட்டர். ஆக, ஊற்று நிமிடத்துக்கு 4 லிட்டர். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த அளவை மணிக்குப் பெருக்கினால் 240 லிட்டர். 24 மணி நேரத்துக்குப் பெருக்கினால் 5,760 லிட்டர். அக்கா வீட்டில் ஐந்து பேர். நகரங்களில் பாதாளச் சாக்கடை உள்ள வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் மத்திய அரசின் வழிகாட்டி அளவு. கிராமக் குழாய் இணைப்புக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். பெரிய அளவையே எடுத்துக்கொண்டாலும் 675 லிட்டர் ஆகிறது. இரண்டு கறவை மாடுகளுக்குக் குடிக்கவும் கழுவவும் 200 லிட்டர், வாசலில் இருக்கும் கறிவேப்பிலைக்கும் கீரைப் பாத்திக்கும் மீதி என்று வைத்தால், மொத்தம் ஒரு நாளைக்கு 1,000 லிட்டர். கோடையில் ஊற்று பாதியாகக் குறைந்தாலும் 2,880 லிட்டர் ஊறும். “பொய்த்துப் போன” அந்தக் கிணறு, வீட்டின் தேவையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலாகத் தரக்கூடியதாக இருந்தது. அது தரும் வேகத்துக்கும் நாம் கேட்கும் வேகத்துக்கும் மட்டுமே பொருத்தமில்லை.

இந்த அளவைக் கட்டாயம் சித்திரை, வைகாசியில் எடுக்க வேண்டும் என்பேன். ஐப்பசியில் எடுத்த அளவை நம்பித் திட்டம் போட்டால், வெயில் காலத்தில் அந்தத் திட்டம் நிற்காது. மழைக்காலத்தில்தான் அளக்க முடிந்தது என்றால், கிடைத்த அளவில் பாதியை மட்டும் கணக்கில் கொள்வது பாதுகாப்பானது.

அடுத்து, கிணற்றுக்குள்ளேயே எவ்வளவு நீர் நிற்கிறது என்பதையும் கணக்கிட வேண்டும். ஆறரை இஞ்ச் துளையில் ஓர் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் நிற்கும். நினைவில் வைத்துக்கொள்ள எளிதான எண்கள் இவை. நூலில் கனமான போல்ட் ஒன்றைக் கட்டி இறக்கிப் பார்த்ததில் நிலைநீர், அதாவது மோட்டார் ஓடாதபோது நீர் நிற்கும் மட்டம், 180 அடியில் இருந்தது. மோட்டார் 400 அடியில் தொங்குகிறது. இடைப்பட்ட 220 அடியில் நிற்கும் நீர் சுமார் 1,430 லிட்டர். வீட்டு இணைப்பின் சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் ஓடும் அந்த மோட்டார் நிமிடத்துக்கு 25 லிட்டர் எடுக்கிறது, ஊற்று 4 லிட்டர் தருகிறது. எனவே நிமிடத்துக்கு 21 லிட்டர் வீதம் உள்ளிருப்பு குறைந்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானவுடன் நீர் மோட்டார் மட்டத்துக்கு இறங்கிவிடும். அவர்கள் தினமும் கண்ட “காத்து வருது” என்பதன் கணக்கு இதுதான். அதன் பிறகு கிணறு பழைய மட்டத்துக்கு ஏற ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகிறது.

ஏறும் விதத்தையும் கவனிக்க வேண்டும். மட்டம் கீழே இருக்கும்போது வெடிப்புகளிலிருந்து நீர் வேகமாக வருகிறது. நிலைநீர் மட்டத்தை நெருங்க நெருங்க, உள்ளே வரும் வேகம் தளர்ந்துகொண்டே போகிறது. நிறைந்து நிற்கும் கிணற்றில் ஊற்று ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே காலையில் ஒரு முறை நெடுநேரம் ஓட்டிவிட்டு மறுநாள் வரை விட்டுவிடுவது, ஊற வேண்டிய நேரத்தைக் கிணற்றுக்குக் கொடுத்தும் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதாகும். அதற்கு மாறாக, மட்டத்தை அடிவரை இறக்குவதும் கேடுதான். வெடிப்புக்குக் கீழே மட்டம் இறங்கிய பிறகு எவ்வளவு இறக்கினாலும் ஊற்று அதிகரிக்காது. நீர் உயரத்திலிருந்து அருவியாக விழுந்து, காற்றைக் கலந்து, துளையின் சுவரில் ஒட்டியிருக்கும் பாறைத் தூளைக் கரைத்துக்கொண்டு வரும். இரவில் வீடு அடங்கிய பிறகு மூடியைத் திறந்து காதை வைத்தால், எங்கோ ஆழத்தில் அந்த ஊற்று விழும் ஓசை தெளிவாகக் கேட்கும். மட்டம் ஏறி வெடிப்பை எட்டினால் ஓசை அடங்கிவிடும் என்பதால், மோட்டார் நின்றதிலிருந்து அந்த ஓசை நிற்கும் வரை நேரத்தைக் குறித்துக்கொண்டோம். ஊற்று நிமிடத்துக்கு நான்கு லிட்டர், அடிக்கு ஆறரை லிட்டர் என்ற கணக்கில் அந்த நேரத்துக்குள் மட்டம் மோட்டாரிலிருந்து எத்தனை அடி ஏறியிருக்கும் என்று பார்த்து, முக்கியமான வெடிப்பு ஏறத்தாழ 310 அடியில் இருப்பதாகக் கணித்தோம். மட்டம் அதற்குக் கீழே போகாமல் எடுப்பதுதான் நோக்கம் ஆயிற்று.

அதன்படி டைமர் ஒன்றை வைத்து, விடியற்காலை 5 மணி, பகல் 1 மணி, இரவு 9 மணி என மூன்று வேளை, வேளைக்கு 20 நிமிடம் மோட்டார் ஓடும்படி அமைத்தோம். ஒவ்வொரு வேளையும் 500 லிட்டர் கிடைக்கும். மட்டம் சுமார் 65 அடிதான் இறங்கும். எட்டு மணி நேர இடைவெளியில், கோடையின் பாதி ஊற்றிலும்கூட அது மீண்டு ஏறிவிடும். ஒரு நாளைக்கு 1,500 லிட்டர் எடுக்கலாம், தேவை 1,000 லிட்டர். இதோடு இரண்டு காவல்கள் அவசியம். ஒன்று, நீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் மின்னோட்டம் குறைவதை உணர்ந்து தானே நிறுத்தும் டிரை ரன் காப்பு. மற்றொன்று, சம்ப் என்னும் நிலத்தடித் தொட்டி நிறைந்தவுடன் மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச். சப்மர்சிபிள் மோட்டார் தன்னைச் சுற்றி ஓடும் நீரால்தான் குளிர்கிறது. ஊற்றுக் குறைந்த கிணறுகளில் மோட்டார்கள் அடிக்கடி காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) எரிந்து போவதற்கு இந்தக் காவல்கள் இல்லாததே பெரும்பாலும் காரணம். எங்கள் பக்கத்தில் இத்தகைய கிணறுகளுக்கு, காற்றை உள்ளே அழுத்தி நீரை மேலே தள்ளும் கம்ப்ரசர் மோட்டார் போடும் வழக்கமும் உண்டு. நீர் தீர்ந்தாலும் அது கெடாது, கிணற்றுக்குள் பழுதாக எதுவும் இல்லை என்பவை அதன் நற்பண்புகள். ஆனால் அதே நீரை எடுக்க மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது. சரியாகப் பராமரிக்காத கம்ப்ரசரில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து நீருக்குள் போகிறது. குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் கிணற்றுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது சேமிப்பு. எவ்வளவு பெரிய சம்ப் வேண்டும் என்ற கேள்விக்கு, மோட்டார் பழுதானால் எத்தனை நாள் தண்ணீரில்லாமல் இருக்க நேரும் என்பதை வைத்தே விடை காண வேண்டும். 400 அடிக் குழாயை மேலே எடுக்க ஆட்கள் கிடைத்து, மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்து வாங்கி, மறுபடியும் இறக்குவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடுவது எங்கள் பக்கத்தில் இயல்பு. எனவே ஏழு நாள் தேவையை இலக்காக வைத்தோம். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஐந்தடி நீராழம் கொண்ட சம்ப்பில் 240 கன அடி, அதாவது ஏறத்தாழ 6,800 லிட்டர் பிடிக்கும். நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டு அறையாகப் பிரித்தோம். போர்த் தண்ணீர் முதல் அறையில் விழுந்து, தூளும் கலங்கலும் அடியில் தங்கிய பிறகு, சுவரின் மேற்பகுதியில் விட்ட வழியாகத் தெளிந்த நீர் மட்டும் இரண்டாம் அறைக்குப் போகிறது. கழுவும்போது ஓர் அறையைக் காலி செய்து, மற்ற அறையில் நீரை வைத்துக்கொள்ளலாம் என்பது இந்தப் பிரிவினையின் இன்னொரு பயன். ஊற்றுக் குறைந்த வீட்டில் ஆறாயிரம் லிட்டரை ஒரே நாளில் கொட்டிவிட்டு மறுபடியும் நிரப்ப இயலாது.

சம்ப் கட்டும் மேஸ்திரியிடம் நேரில் நின்று சொல்ல வேண்டியவை சில உண்டு. தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்து, அங்கே ஒரு சிறு குழி இருக்க வேண்டும். சேறு அங்கே சேரும், அள்ளுவது எளிது. உறிஞ்சும் குழாயின் வாய் தரையிலிருந்து அரை அடியாவது மேலே இருக்க வேண்டும். மூடியின் விளிம்பு தரைமட்டத்துக்கு மேல் அரை அடி உயர்ந்திருந்தால்தான் வாசல் கழுவும் நீரும் மழைநீரும் உள்ளே வழியாது. காற்றுக் குழாய்க்கும் ஓவர்ஃப்ளோ குழாய்க்கும் கொசு புகாத நெருக்கமான வலை கட்ட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. கழிவுநீர்த் தொட்டியும் சம்ப்பும் மனையின் எதிரெதிர் மூலைகளில் இருப்பது நல்லது. மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டி ஒன்று மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். அதன் நீர் மட்டும் ஒரு டன் எடை; பெரிய தொட்டிகளை மேலே ஏற்றுவதால் கட்டடத்துக்குத்தான் சுமை. மேலும், ஒரு நாளைக்கு ஒரு தொட்டி என்ற வரையறை வீட்டார் எல்லோருக்கும் புரிகிறது. மாலைக்குள் தொட்டி காலியாகிவிட்டால் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று அக்காவே கண்டுபிடித்துவிடுகிறாள்.

அளவுக் கணக்கு இவ்வாறு தீர்ந்தது. தரக் கணக்குத்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் பொதுமக்களின் நீரையும் சோதித்துத் தருகிறார்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அந்த நீரிலேயே பிளாஸ்டிக் புட்டியை மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு வேகவைத்துச் சுத்தமாக்கிய தனிப் புட்டி வேண்டும். அதைப் பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே சேர்ப்பது நல்லது. முடிவில் கரைந்த உப்புகளின் மொத்த அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 1,180 மில்லிகிராம், கடினத்தன்மை 420, நைட்ரேட் 30, ஃப்ளூரைடு 2.4 என்று வந்தது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, டி.டி.எஸ்.ஸுக்கு 500, கடினத்தன்மைக்கு 200 என்று வரம்பு வைத்து, வேறு நீர் கிடைக்காத இடங்களில் முறையே 2,000, 600 வரை பொறுத்துக்கொள்கிறது. நைட்ரேட் 45க்குள் இருந்ததால் கவலையில்லை. ஃப்ளூரைடுக்கு வரம்பு 1.0, வேறு வழியே இல்லையென்றாலும் 1.5 வரைதான். நம்மிடம் இருந்தது 2.4.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃப்ளூரைடு என்பது பழைய துயரம். பாறையில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களிலிருந்து அது நீரில் கரைந்து வருகிறது. பற்களில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் கோடு விழுந்த ஒரு தலைமுறையே இங்கே இருக்கிறது. முதுகும் மூட்டும் இறுகிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் (ஃப்ளூரைடால் வரும் நோய்) பாதிப்பைத் தணித்தல் என்பதும் சேர்ந்திருக்கிறது. ஊருக்குள் இருப்பவர்களுக்கு அந்த நீர் கிடைப்பது பெரிய நன்மை. தோட்டத்து வீடுகள் ஊரிலிருந்து தள்ளி இருப்பதால், அங்கே குடியிருப்பவர்கள் குடம் வைத்து வண்டியில் கொண்டுவர வேண்டும். முடியாத நாட்களில் போர்த் தண்ணீரைத்தான் குடிப்பார்கள். அக்கா மகளுக்கு இன்னும் நிலைப் பற்கள் முளைத்து முடியவில்லை. பல்லின் எனாமல் உருவாகும் அந்த வயதில்தான் ஃப்ளூரைடு பல்லில் பதிகிறது. பிறகு எந்த மருந்தாலும் அதை மாற்ற முடியாது. ஆகவே இந்த ஒன்றில் சமரசத்துக்கு இடமில்லை என்று நான் உறுதியாக இருந்தேன்.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். குடிக்கும் நீரை மட்டும் கவனித்துவிட்டு, சோறும் குழம்பும் போர்த் தண்ணீரில் வைப்பதும் போதாது. அரிசியும் பருப்பும் உறிஞ்சிக்கொள்ளும் நீரோடு ஃப்ளூரைடும் உள்ளே போகிறது. எனவே குடிக்க, சமைக்க இரண்டுக்கும் சேர்த்து ஆளுக்கு 5 லிட்டர், வீட்டுக்கு 25 லிட்டர் நல்ல தண்ணீர் தேவை. மொத்தத் தேவையான 1,000 லிட்டரில் இது நாற்பதில் ஒரு பங்கு. முழு வீட்டுக்கும் சுத்திகரிப்புக் கருவி வைக்கச் சொல்லி விற்க வருபவர்கள் இந்தப் பங்கைச் சொல்வதில்லை.

இந்த 25 லிட்டரை, மெல்லிய சவ்வு வழியாக நீரை அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ. கருவியில் எடுக்கலாம். அது ஃப்ளூரைடைப் பெருமளவு நீக்கும் என்பது உண்மை. ஆனால் வீட்டு ஆர்.ஓ. கருவிகள் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளுகின்றன. மூன்றில் ஒரு பங்கு நல்ல நீராகக் கிடைக்கிறது என்று வைத்தாலும், 25 லிட்டருக்கு 75 லிட்டர் போர்த் தண்ணீர் வேண்டும். வெளியேறும் 50 லிட்டரில் ஃப்ளூரைடு ஒன்றரை மடங்காகச் செறிந்து 3.5ஐ ஒட்டி இருக்கும். அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது சில வீடுகளில் வழக்கம்; மாட்டின் பல்லும் எலும்பும் ஃப்ளூரைடால் கெடும் என்பதால் அதைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. கழிவறைக்கும் தரை துடைக்கவும் மட்டும் பயன்படுத்தலாம். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து வீழ்படிவாக்கும் நல்கொண்டா முறை, கிளர்வூட்டிய அலுமினா நிரப்பிய வடிகட்டி போன்றவையும் உண்டு. முதலாவதில் அளவு தவறாமல் தினமும் மருந்து கலந்து, அடியில் சேரும் கசடை அப்புறப்படுத்த வேண்டும். இரண்டாவதில் அவ்வப்போது காரமும் அமிலமும் கொண்டு அலுமினாவைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு கிராமத்துக்குப் பொதுவாக ஆள் வைத்து நடத்தினால் இவை நல்ல முறைகள். விடியற்காலையில் பால் கறந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, தோட்டத்துக்கும் போகும் ஒரு பெண்ணின் தலையில் இதையும் ஏற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது.

தீர்வு மாடியில் இருந்தது. மழைநீரில் ஃப்ளூரைடு இல்லை என்றே சொல்லலாம். உப்பும் மிகக் குறைவு. அக்கா வீட்டு மொட்டை மாடி 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். சிந்துவதும் ஆவியாவதும் போக, ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சுமார் 75 லிட்டர் கிடைக்கும். 800 மில்லிமீட்டர் பெய்யும் ஓர் ஆண்டில் 60,000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆண்டு முழுவதும் தேவைப்படுவது 9,125 லிட்டர் மட்டுமே. அதையும் முழுதாக மழைநீராக வைத்திருக்கத் தேவையில்லை. இரண்டு குடம் மழைநீரோடு ஒரு குடம் போர்த் தண்ணீரைக் கலந்தால் ஃப்ளூரைடு 0.8க்கு இறங்குகிறது, டி.டி.எஸ். 400ஐ ஒட்டியும் கடினத்தன்மை 150க்குள்ளும் வந்துவிடுகின்றன. மூன்றும் வரம்புக்குள். மழைநீர் சப்பென்று இருக்கிறது என்று முகம் சுளிக்கும் மாமாவுக்கும் இந்தக் கலவை பிடித்துவிட்டது. இந்த விகிதத்தில் ஒரு நாளைக்கு வேண்டிய மழைநீர் 17 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி ஒன்று நிறைந்தால், அடுத்த மழையே இல்லாவிட்டாலும் ஒன்பது மாதத்துக்கு மேல் வரும். அது நிறையத் தேவை 70 மில்லிமீட்டர் மழை. ஆவணி முதல் ஐப்பசி வரை அது கிடைக்காத ஆண்டு மிக அரிது.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதைப் பெரும்பாலோர் நிலத்தில் இறக்கும் குழியாக மட்டுமே அமைத்திருக்கிறார்கள். நிலத்தடி நீருக்கு அது வேண்டியதே. ஆனால் ஃப்ளூரைடு உள்ள பகுதியில், நல்ல நீரைப் பாறைக்குள் அனுப்பி, அதில் ஃப்ளூரைடு கரைந்த பிறகு மேலே எடுத்து, மறுபடியும் அதை நீக்கப் பணம் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குடிக்க வேண்டியதை முதலில் தொட்டியில் பிடித்துக்கொண்டு, தொட்டி நிறைந்து வழிவதைச் சல்லியும் மணலும் நிரப்பிய குழி வழியாகக் கிணற்றின் அருகே நிலத்தில் இறக்குவதே இங்கே பொருத்தமான வரிசை. வடிகட்டாமல் நேராகப் போர்க்குழாய்க்குள் விடுவதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. மாடியின் அழுக்கும் பறவை எச்சமும் பாறை வெடிப்புக்குள் போய்விட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

மாடிக் குழாயின் அடியில் முதல் மழையைப் பிடித்து ஒதுக்க, ஊற்றை அளக்கப் பயன்படுத்திய அதே 200 லிட்டர் டிரம்களில் ஒன்றை வைத்திருக்கிறோம். இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்து தூசியைக் கழுவிய நீர் அதில் நிறைந்த பிறகுதான், மணலும் கூழாங்கல்லும் கரித்துண்டும் நிரப்பிய வடிகட்டிக்கு நீர் போகிறது. டிரம்மின் அடியில் உள்ள சிறு குழாயைத் திறந்து ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதைக் காலி செய்ய வேண்டும். மழைக்காலத்தில் மாடியில் மாட்டுத் தீவனமோ தானியமோ காய வைப்பதில்லை. மழைநீர்த் தொட்டி கறுப்பு நிறத்தில், வெளிச்சம் புகாததாக இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

மழைநீரில் ஃப்ளூரைடு இல்லையென்றாலும் கிருமி இருக்கும். நல்ல நிலையில் உள்ள பிளீச்சிங் பவுடரை 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற கணக்கில் ஒரு வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். பாக்கெட்டைத் திறந்து வைத்திருந்த பவுடரில் குளோரின் போய்விட்டிருக்கும். அதனால் சிறு பாக்கெட்டாக வாங்கி இறுக மூடி வைக்க வேண்டும். அக்கா அதற்கு மேலும் குடிநீரைக் காய்ச்சித்தான் வைக்கிறாள். குளோரின் கலந்த நீரை ஆர்.ஓ. கருவிக்கு விடுபவர்கள், முன்னால் கரி வடிகட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குளோரின் அதன் மெல்லிய சவ்வைக் கெடுத்துவிடும்.

கடினத்தன்மைக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். சாஃப்ட்னர் கருவி கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது, டி.டி.எஸ்.ஸும் ஃப்ளூரைடும் அதனால் குறையாது. அதைப் புதுப்பிக்க உப்பும், அலசி வெளியேற்ற நிறைய நீரும் வேண்டும். அந்த உப்பு நீர் செடிகளுக்கு ஆகாது. நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஊறும் வீட்டில் முழு வீட்டுக்கும் அதை வைப்பது வீண் என்பது என் கருத்து. குழாய் முனைகளிலும் கீசரிலும் படியும் வெள்ளைப் படிவத்தை அவ்வப்போது வினிகர் கொண்டு நீக்கிக்கொள்ளலாம். இரும்புக் கலப்பு உள்ள கிணறுகளில், எடுத்தவுடன் தெளிவாக இருந்து சிறிது நேரத்தில் நீர் செந்நிறமாகும். அங்கே சம்ப்பின் முதல் அறையில் துளையிட்ட குழாய் வழியாக நீரைத் தூறலாக விழச் செய்தால், காற்றுப் பட்டு இரும்பு துகளாகி அடியில் தங்கிவிடும்.

அடுக்களையில் இப்போது இரண்டு குழாய்கள். மாடித் தொட்டியிலிருந்து வருவது பாத்திரம் கழுவுவதற்கு. மழைநீர்த் தொட்டியிலிருந்து வரும் சிறிய பித்தளைக் குழாய் குடத்தில் பிடிப்பதற்கு. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் குழந்தைகள் மாற்றிப் பிடித்துவிடுவார்கள் என்று அக்கா தானே அந்தப் பித்தளைக் குழாயைத் தேடி வாங்கி வைத்தாள். கலவை நீரைக் குடத்தில் எடுத்துப்போய்ச் சோதித்ததில் ஃப்ளூரைடு 0.9 என்று வந்தது. கணக்கில் வந்த 0.8க்கு அருகில்தான்; வரம்புக்குள்ளும் இருக்கிறது.

போரின் நீர்மட்டத்தை மாதம் ஒரு முறை நூல் விட்டுப் பார்த்து, அடுக்களைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே எழுதி வைக்கிறார்கள். மட்டம் ஒரே மாதத்தில் வழக்கத்துக்கு மாறாக இறங்கினால், டைமரில் ஒரு வேளையைக் குறைக்க வேண்டும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். சம்ப்பின் முதல் அறையைச் சேறு அள்ளிக் கழுவுவதற்கு வைகாசி ஏற்ற மாதம். மாடி வடிகட்டியின் மணலையும் கரியையும் அப்போதே மாற்றிவிட்டால் ஆடி மழைக்குத் தயாராக இருக்கும். ஃப்ளூரைடு அளவு மட்டம் இறங்கும்போது மாறக்கூடும் என்பதால், போர்த் தண்ணீரைக் கோடையின் உச்சத்தில் ஒரு முறையும் மழை முடிந்த பிறகு ஒரு முறையும் சோதிக்கிறோம், அது 3.0ஐ எட்டினால், இரண்டுக்கு ஒன்று என்ற கலவையை மூன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்போதும் ஒரு நாளைக்குத் தேவைப்படும் மழைநீர் 19 லிட்டர்தான். அதே தொட்டி எட்டு மாதத்துக்கு மேல் தாங்கும்.